திரும்பி வந்தவர்கள் பட்டியல்

எந்தப் புத்தகத்திலும் முதலில் கழன்று வருவது கடைசி நான்கு பக்கங்கள்தான். அட்டை பிரியும், முதுகு உடையும், அதெல்லாம் வேறு. படித்து முடிக்கிற இடத்தில்தான் ஆட்கள் புத்தகத்தை இறுக்கிப் பிடிக்கிறார்கள். அழுகிறவர்கள் அங்கேதான் அழுகிறார்கள். கோபம் வந்து படாரென்று மூடுகிறவர்களும் அங்கேதான் மூடுகிறார்கள். நூலகத்தின் பின்னறையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களை ஒட்டியவன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்கக் கேட்கப் பதில் சொல்வதைவிட நானே எழுதித் தருகிறேன் என்றேன். நீங்களும் பெரிய மனசு பண்ணி ஒரு கட்டுத் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். தாள் நல்ல தாள். வழுவழுப்பு கொஞ்சம் அதிகம், ஆனால் மை பரவவில்லை. நன்றி.

என் பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. நூலகத்தில் அதைச் சொன்னால் யாருக்கும் ஆள் தெரியாது. அங்கே எனக்குப் பெயர் ஒட்டு சார். யாரோ கேலிக்கு வைத்தது, கடைசியில் நூலகர் அம்மாவே மேலதிகாரிகள் முன்னால் "எங்க ஒட்டு சார்" என்று அறிமுகம் செய்கிற அளவுக்குப் போய்விட்டது.

ஒட்டுகிறவன் படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பக்க எண் வரிசையாக இருந்தால் போதும். ஆனால் பசை காயும்வரை மனுஷன் என்ன செய்வது? படித்தேன். பத்து வருஷத்தில் அந்த நூலகத்து நாவல்களில் முக்கால்வாசியைப் படித்துவிட்டேன். அப்புறம்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஆட்கள் நல்ல நாவல் கேட்டு வருவதில்லை. ஒவ்வொருத்தருக்கும் மனசுக்குள் ஒரு குறிப்பிட்ட கதை இருக்கிறது, அதையே வேறு வேறு ஆட்கள் எழுதித் தர வேண்டும் என்று அலைகிறார்கள். வெளியே சொல்லத்தான் வெட்கம்.

ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவருக்கு, கதையில் யாரும் வாசல்படியைத் தாண்டக் கூடாது, எல்லாம் ஒரே வீட்டுக்குள் நடக்க வேண்டும். வங்கிக் காவலாளி ஒருவர் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, "காவலாளி முதல் அத்தியாயத்துலயே செத்துப்போகாத கதை ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். சிரிக்காதீர்கள். எட்டு மாதம் தேடி இரண்டே இரண்டு கண்டுபிடித்தேன். அவர் அந்த இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன். ஒரு ருசிக்கு ஒரு பக்கம். ஒட்டி முடித்த நாவலின் பின்னட்டைக்குள் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவேன், 'இது பிடித்திருந்தால் இவற்றையும் பாருங்கள்' என்று. சீட்டைப் பார்த்து ஆட்கள் எழுதிக்கொண்டார்கள், பக்கத்து வீட்டுக்குச் சொன்னார்கள், தாங்கள் படித்ததைச் சொல்லிச் சீட்டில் சேர்க்கச் சொன்னார்கள். ஒரே பட்டியலில் இருந்த இரண்டு பேர் அறிமுகமாகிக் கல்யாணமே செய்துகொண்டார்கள். அது என்ன பட்டியல் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் கெட்டவன் இல்லை என்று நிரூபிக்க இதையெல்லாம் எழுதவில்லை. கேட்டதைக் கேட்ட மாதிரிக் கொடுப்பது என் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தையல்காரம்மா என்னிடம் வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் வேலை. நாற்பது வயசு இருக்கும். எப்போதும் புடவையில் எங்கேயாவது நூல் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சனிக்கிழமை பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"சார், காணாமப் போனவங்க திரும்பி வர்ற மாதிரி கதை இருக்கா?"

"எத்தனை வேணும்மா?"

"எத்தனை இருக்கோ அத்தனையும்."

தம்பியைப் பற்றி அன்றைக்கே சொல்லிவிட்டார். அப்பா அம்மா போனபின் இவர் வளர்த்த தம்பி, பதினெட்டு வயசு சின்னவன். அதே கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை. ஒரு நாள் இருநூறு சட்டைக்கான துணியை ஓர் அளவு குறைத்து வெட்டிவிட்டான். முதலாளி அக்காவைப் பிடித்துக் கத்தினார். அக்கா அத்தனை பேர் முன்னாலும் தம்பியைப் பிடித்துக் கத்தினார். "நீ எனக்குத் தம்பியே இல்ல, போ" என்று ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது. அவன் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான். இருபத்திரண்டு வயசு.

என் நோட்டில் புதுப் பக்கம் திறந்து 'திரும்பி வந்தவர்கள்' என்று தலைப்புப் போட்டேன். போரிலிருந்து வந்தவன், கப்பல் மூழ்கிப் பிழைத்தவன், நினைவு தப்பி அலைந்தவன் என்று பதினொரு நாவல்கள் கிடைத்தன. அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது முகம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். தைக்கிற இடத்தில் சாப்பாட்டு வேளையில் மற்றப் பெண்களுக்குக் கதை சொல்வாராம். அவர்களும் வந்து அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப்போனார்கள்.

ஒரு வருஷத்தில் பதினொன்றும் தீர்ந்தது. நானும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். நாவல் எழுதுகிறவர்களுக்கு ஆட்களைத் தொலைப்பதில் இருக்கிற சுறுசுறுப்பு, திருப்பிக் கொண்டுவருவதில் இல்லை. பாதிப்பேர் பிணமாக வருகிறார்கள். மீதிப்பேர் வருவதே இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் "இந்த வாரம் ஏதாவது அகப்பட்டதா சார்?" என்று அவர் கேட்க, நான் இல்லை என்று தலையாட்ட, அவர் நின்றுகொண்டே இருப்பார். எனக்கு மனசு கேட்கவில்லை.

முதல் தடவை நான் எதையும் எழுதவில்லை. வெட்ட மட்டும்தான் செய்தேன். நல்ல நாவல் அது. ரயில் நிலையத்தில் அம்மா காத்திருக்கிறாள், ரயில் சத்தம் கேட்கிறது, அடுத்த பக்கத்தில் பெட்டியோடு இறங்குகிறது மகனின் உடல். ரயில் சத்தத்தோடு நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் தையல்காரம்மா, "கடைசிப் பக்கமெல்லாம் காணோம் சார்" என்றார். பழைய புத்தகம், கிழிந்திருக்கும் என்றேன். "பரவாயில்ல. ரயில்தான் வந்துருச்சுல்ல? இறங்கியிருப்பான்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் எழுதினேன். பக்கம் காணாமல் போன புத்தகத்துக்கு வேறு கிளையிலிருந்து நகல் எடுத்துச் சேர்ப்பது எங்கள் வேலையில் சகஜம். ஆகவே கையில் எல்லாம் இருந்தது. எழுத்துரு பார்த்துத் தட்டச்சு செய்வேன், அச்செடுத்த தாளைத் தேயிலை நீரில் நனைத்து மின்விசிறிக்கடியில் காயவைப்பேன், பழைய தாளின் நிறம் வந்துவிடும். வெட்டிய அசல் பக்கங்களைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அலமாரியின் அடித்தட்டில் ஒரு தகர டப்பாவில் அடுக்கி வைத்தேன். நீங்கள் எடுத்துவந்திருக்கிறீர்களே, அதேதான். ஏழு நாவல்களை இப்படித் திருத்தினேன். நூலகர் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, அவரைச் சும்மா தொந்தரவு செய்யாதீர்கள்.

இப்போது செய்தித்தாள் விஷயம். நீங்கள் இதைத்தான் இரண்டு தடவை கேட்டீர்கள்.

அவர் தம்பி போய் இரண்டாவது வருஷம், ஒரு காகிதமும் புகைப்படமும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளில் போடுவதற்கான விளம்பரம். 'தம்பி, அக்காவை மன்னித்துவிடு, வீட்டுக்கு வா' என்று எழுதி, கீழே எங்கள் நூலக முகவரியைப் போட்டிருந்தார். அப்போதுதான் சாலையை அகலப்படுத்துவதற்காக அவர் குடியிருந்த தெருவையே இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுத்துப் பிழை பார்த்துத் திருத்திக் குடுங்க சார். அடுத்த வாரம் போய்க் குடுத்துடறேன்."

திருத்தித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த வாரம் ஒரு நாவலின் முடிவை எழுதிக்கொண்டிருந்தேன். ஓடிப்போன மகனை ஊரெல்லாம் தண்டோரா போட்டுத் தேடுகிறார்கள், தேடத் தேட அவன் அவமானத்தில் இன்னும் தூரம் போகிறான், தேடுவதை நிறுத்திய அன்றைக்குத் தானாக வருகிறான். அப்படி எழுதினேன், கதைக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது. படித்துவிட்டு வந்தவர் புத்தகத்தைப் பலகைமேல் வைத்தார்.

"அப்ப கூப்பிடக் கூடாது. இல்ல சார்?"

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவே இல்லை, இதை அவரிடமே கேட்டுப்பாருங்கள். அவராகத்தான் விளம்பரக் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கிக் கிழித்தார். புகைப்படம் என் நோட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. விளம்பரம் கொடுத்திருந்தால் ஒன்று அவன் வந்திருப்பான், இல்லையென்றால் வர மாட்டான் என்பது உறுதியாகியிருக்கும். எது நடந்தாலும் என் பட்டியல் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. அப்போது நான் அப்படி யோசிக்கவில்லை. இப்போது எழுதும்போது தோன்றுவதைச் சொல்கிறேன்.

அதற்குப் பதிலாக அவர் ஒரு காரியம் செய்தார். புது வீட்டு முகவரியைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுவந்தார்.

"தம்பி வந்தா இங்கதான் சார் வருவான். சின்னதுல என் புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்க அவன்தான் வருவான். கம்பெனிக்கு வர வெட்கப்படுவான், பழைய வீடு இல்லன்னா நேரா லைப்ரரிக்கு வந்துடுவான். வந்தா இதைக் குடுத்துடுங்க. மறந்துடாதீங்க."

மறப்பேனா? அந்தச் சீட்டைப் பின்னறைச் சுவரில், பசைக் கிண்ணம் வைக்கிற பலகைக்கு மேலேயே ஒட்டினேன். என் பசை, சாமானியத்தில் விடாது. நாலு வருஷம் அங்கேயே இருந்தது.

அவர் சொன்ன மாதிரியே அவன் வந்தான். ஒரு வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு வார விடுமுறை. விடுமுறை நாளில்தான் நான் பெரிய ஒட்டு வேலைகளை வைத்துக்கொள்வேன். காலை பதினோரு மணி இருக்கும். பின்பக்கக் கதவைத் தட்டினான். திறந்ததும் தெரிந்துவிட்டது, புகைப்படத்தில் இருந்த அதே முகம். கன்னம் ஒட்டி, முன்நெற்றியில் முடி ஏறியிருந்தது. தோளில் ஒரு நீலப் பை.

"சார், இங்க தைக்கிற அக்கா ஒருத்தங்க புக் எடுக்க வருவாங்க. எங்க தெருவே இல்ல சார் இப்ப. யாரைக் கேட்டாலும் தெரியலங்கறாங்க. கம்பெனிக்குப் போய்க் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. நான் அவங்க தம்பி."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். எங்கே இருந்தாய் இத்தனை நாள் என்று கேட்டேன். அந்தப் பதிலுக்காக நான் எவ்வளவு ஆவலாக இருந்தேன் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. ஐந்து வருஷமாக அவன் திரும்பி வருகிற விதத்தைத்தானே எழுதிக்கொண்டிருந்தேன்.

அவன் எங்கேயும் போகவில்லை. ஏழு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஓர் ஓட்டுத் தொழிற்சாலை. அங்கே ஓடு அடுக்கினான், அப்புறம் ஓடு எண்ணினான். அவ்வளவுதான். சிறை இல்லை, நோய் இல்லை, நினைவு தப்பவில்லை. எழுதத் தெரிந்தவன், ஒரு கடிதம் போடவில்லை.

"ஏம்ப்பா போடல?"

"பயமா இருந்துச்சு சார். அக்கா கோபம் தீர்ந்திருந்தா பேப்பர்ல போடுவாங்கன்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல காணவில்லைன்னு போடுவாங்கல்ல, ஒரு வாரம் விடாம பார்த்தேன். ஆறு வருஷம் சார். என் மூஞ்சி வரவே இல்ல. சரி, அக்கா என்னைத் தலை முழுகிட்டாங்கன்னு இருந்துட்டேன். இப்ப மனசு கேக்கல. ஏசினாலும் பரவாயில்லன்னு வந்துட்டேன்."

பேசும்போது அவன் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் அவன் அக்காவின் கையெழுத்து இருந்தது. திரும்பியிருந்தால் படித்திருக்கலாம்.

"உங்க அக்கா போன வருஷம் தவறிட்டாங்கப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்டீர்கள். இப்போது நிதானமாக யோசித்து எழுதுகிறேன். அவன் வந்த விதம் சரியில்லை. பதினொரு நல்ல நாவல்களும் நான் முடித்துக் கொடுத்த ஏழும் படித்த ஒரு மனுஷிக்கு, ஓடு எண்ணிக்கொண்டிருந்தேன் என்று ஒருத்தன் வந்து நிற்பது எப்படியிருக்கும்? ஆறு வருஷக் காத்திருப்புக்கு இதுவா முடிவு? அவரை அந்த ஏமாற்றத்திலிருந்து காப்பாற்றினேன். இதுதான் காரணம். அவர்கள் இரண்டு பேரும் சந்தித்தால் முதல் பேச்சிலேயே விளம்பரம் வந்துவிடும், 'ஏன் போடல' என்று அவன் கேட்பான், 'ஒட்டு சார் குடுத்த கதையில' என்று அவர் ஆரம்பிப்பார் என்பது உண்மைதான். ஆனால் அது காரணம் இல்லை.

அவன் அழுதான். நான் தடுக்கவில்லை. எப்படிப் போனாங்க என்று கேட்டான். தூக்கத்திலே, நெஞ்சுமேல் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தபடி என்றேன். எங்கே வைத்தார்கள் என்று கேட்டான். மின்தகனம், சாம்பல் வாங்க ஆள் இல்லை, எதுவும் மிச்சமில்லை என்றேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு விஷயம் கேட்டான்.

"எனக்குன்னு ஒரு சட்டை தைச்சுக்கிட்டிருந்தாங்க சார். நீலக் கட்டம் போட்டது. சண்டை நடந்த அன்னிக்கு ஒரு கை வெச்சாச்சு, இன்னொரு கை வெக்கல. அப்படியே மெஷின்ல கிடந்துச்சு. வர்ற வழியெல்லாம் அதைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன். உள்ள நுழைஞ்சதும் 'இன்னொரு கை வெச்சுட்டியாக்கா'ன்னு கேட்கணும், கேட்டா சிரிச்சுடுவாங்கன்னு."

எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. ஓடு எண்ணினவன் வாயிலிருந்து இப்படி ஒரு வரி. நான் எழுதிய ஏழு முடிவுகளிலும் இதற்குப் பக்கத்தில் வருகிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

அவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. என்னிடம் வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு போனதில்லை. என் நோட்டில் 'தாமதமாக வந்தவர்கள்' என்று ஒரு பக்கம் உண்டு, நாலைந்து நாவல்கள்தான். அதில் மிகச் சிறந்ததை எடுத்தேன். தையல்காரம்மாவுக்காக முடிவை மாற்றி வைத்திருந்த புத்தகம் அது. என் பக்கங்களைப் பிரித்துவிட்டு, தகர டப்பாவிலிருந்த அசல் பக்கங்களைத் திரும்ப ஒட்டினேன். பசை கொஞ்சம் காயட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்தான், பாவம். அந்த நாவலில் தாமதமாக வந்தவன் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, கடைசியில் ஊருக்கு வெளியே இருக்கிற ஏரிக்குள் நடந்துபோகிறான். அந்த நான்கு பக்கமும் அபாரமான எழுத்து. வெட்டும்போதே கை கூசிய பக்கங்கள்.

"இதைப் படி. உனக்குன்னே எழுதின மாதிரி இருக்கும்" என்றேன். பழக்கதோஷத்தில் திருப்பித் தர வேண்டிய தேதியையும் முத்திரை குத்திக் கொடுத்தேன். பதினைந்து நாள். நல்லா இருங்க சார் என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஒன்பதாவது நாள் ஏரியில் கிடைத்தான். கரையில் நீலப் பை, பைக்குள் புத்தகம். பிளாஸ்டிக் உறையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி வைத்திருந்தான் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நனையக் கூடாது என்று நினைத்திருக்கிறான். அக்கா வளர்த்த வளர்ப்பு.

உங்கள் காவலர் ஒருவர் நூலகத்துக்கு வந்தார். முத்திரை எங்களுடையது, இரவல் பதிவேட்டில் ஆள் பெயர் இல்லை, பழுதுப் பதிவேட்டில் 'ஒட்டு வேலையில்' என்று என் கையெழுத்து. யாரோ திருடிக்கொண்டு போயிருப்பார்கள் என்றேன். நம்பினார். அடையாளம் தெரியாத ஆண் என்று எழுதி அடக்கம் செய்துவிட்டீர்கள். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிட்டது. நான் வாயையும் கையையும் சும்மா வைத்துக்கொண்டு இருந்திருந்தால் இந்தத் தாளுக்கு வேலையே இல்லை.

ஆனால் அந்த வரி என்னை விடவில்லை. பசை கலக்கும்போதும் அதுதான், ஊசி கோக்கும்போதும் அதுதான். எட்டாவதாக ஒரு நாவலை எடுத்தேன். மூன்று வாரம் எழுதினேன். தோளில் நீலப் பையோடு தம்பி வாசலில் நிற்கிறான். எங்கே இருந்தான், ஏன் வந்தான் எதுவும் இல்லை. உள்ளே வந்து, மெஷினில் கிடக்கும் சட்டையைப் பார்த்து, 'இன்னொரு கை வெச்சுட்டியாக்கா?' என்கிறான். அவ்வளவுதான், முடிந்தது. போன சனிக்கிழமை அவரிடம் கொடுத்தேன். நீங்கள் படித்தீர்கள். எப்படியிருந்தது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

அந்தச் சட்டையைப் பற்றி அவர் இந்த ஆறு வருஷத்தில் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் என்னிடம் சொல்கிறவர் என்று நினைத்திருந்தேன். அதை மட்டும் மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று விடுமுறை, ஆனாலும் காலையிலேயே பின்கதவைத் தட்டிக்கொண்டு என்னிடம்தான் முதலில் ஓடிவந்தார். புத்தகத்தை விரித்து அந்த வரியில் விரலை வைத்தபடி. "சார், இதை எழுதினவரு என் தம்பியைப் பார்த்திருக்காரு. நிச்சயமாப் பார்த்திருக்காரு. இது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. எழுதினவரு எங்க இருக்காரு சார்? அவரைக் கேட்டாத் தம்பி இருக்கற இடம் தெரிஞ்சுடும்." எழுதியவர் இறந்து நாற்பது வருஷம் ஆகிறது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. அதை அவர் பார்க்கவில்லை. நான் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவருக்குப் பொறுமை இல்லை. ஆறு வருஷம் பொறுத்தவர், அரை நாள் பொறுக்காமல் உங்களிடம் வந்துவிட்டார். உங்கள் மேஜையில் ஏற்கெனவே அதே முத்திரை போட்ட இன்னொரு புத்தகம் இருந்தது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். உயிரோடு இருக்கிற அக்காவைச் செத்துவிட்டாள் என்று தம்பியிடம் சொன்னது நான். கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த முகவரியைக் கொடுக்காதது நான். அவன் போன வழிக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். ஏரிக்கரைவரை கையைப் பிடித்துக் கூட்டிப்போகவில்லை. அதற்கு என்ன சட்டப்பிரிவு என்று நீங்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள், தெரிகிறது. பொருத்தமானது எப்படியும் கிடைக்கும். தேடினால் கிடைக்காதது எதுவும் இல்லை, என் அனுபவம் அது.

இங்கே உட்கார்ந்து எழுதும்போது கதவு இடுக்கில் வெளி பெஞ்சு தெரிகிறது. தையல்காரம்மா காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறார். இன்றைக்குச் சனிக்கிழமை. மடியில் ஒரு துணிப்பை. கொஞ்சம் முன்னால் அதிலிருந்து நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து, வாசலில் நிற்கிற பெண் காவலரிடம் விரித்துக் காட்டினார். இரண்டு கையும் வைத்தாகிவிட்டது. நேற்று என் முடிவைப் படித்ததும் உட்கார்ந்து தைத்திருக்கிறார். வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. அவர் முகத்தைப் பாருங்கள், இந்த ஆறு வருஷத்தில் அது இப்படி இருந்ததே இல்லை.

நீங்கள் இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் அவரிடம் சொல்லப்போகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். படித்துக்கொண்டிருக்கிறவரிடம் போய் முடிவைச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எங்கள் பட்டியல்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்கள் கொடுத்த கட்டு இந்தத் தாளோடு தீர்ந்துவிட்டது. இன்னும் நான்கே நான்கு தாள் கொடுங்கள், அவனை நான் வரவைத்துவிடுகிறேன்.